ஒன்பது ஈட்டி அகலம்

உப்பாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற சங்குமுனை என்ற ஊரில், ஐப்பசி மழை மூன்று நாள் கொட்டி ஓய்ந்த ஒரு காலையில், முப்பத்தொரு வருடமாக ஒன்பது அடி அகலத்தில் நின்றுகொண்டிருந்த, கைப்பிடிச் சுவர் இல்லாத சிமெண்டுப் பாலம், ஓய்வுபெற்ற ஏட்டு கோதண்டபாணியின் காலடியில் மட்டும் ஒரு பலகையின் அகலத்துக்கு மெலிந்தது. அவர் ஓட்டிவந்த மொபெட்டு ஆற்றில் விழுந்தது, அவர் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாலத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டார், அந்த நேரத்தில் எதிரே மீன்கூடையோடு வந்த இரண்டு பெண்கள் அவருக்கு வெறும் காற்றாகத் தெரிந்த இடத்தில் கால் வைத்து, "என்ன ஏட்டய்யா, ஒடம்புக்கு ஆவலயா?" என்று கேட்டுக்கொண்டே அவரைச் சுற்றிப் போனார்கள். படகு வந்து அவரை இறக்கிக்கொண்டு போகும்வரை அவர் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அது இருபது வருடத்துக்கு முன்னால் அவருடைய ஸ்டேஷனில் செத்துப்போன ஒருவனின் பெயர் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அதுவரை யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வாரத்துக்குள் இன்னும் பதினேழு பேருக்குப் பாலம் மெலிந்தது. ஒருவருக்கு ஒரு முழம், ஒருவருக்கு ஒரு சாண், அஞ்சல்காரருக்கு ஒரு செங்கல் அகலம். அளந்து பார்க்க வந்த இன்ஜினியர் கரையிலிருந்து டேப்பைப் பிடித்து நான்கு முறை அளந்தார், நான்கு முறையும் ஒன்பது அடி இருந்தது, ஆனால் அவரே மூன்றாவது தூணைத் தாண்ட முடியாமல் தவழ்ந்து திரும்பி வந்து, பாலத்தில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மருந்துக்கடை பூவராகன் இதெல்லாம் மனப்பிரமை என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் எதுவும் இல்லை என்று பந்தயம் கட்டி, ஊரே பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டு பட்டப்பகலில் நடந்து, சரியாகப் பதினோராவது அடியில் விழுந்தார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு பந்தயம் கட்ட யாரும் வரவில்லை.

எல்லாப் பயத்துக்கும் ஊர் ஒரு வழக்கத்தைக் கண்டுபிடித்துவிடும், சங்குமுனையும் கண்டுபிடித்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து பாலத்தில் நடப்பதை நிறுத்தினார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளைக் காற்று வாங்கலாம் வாருங்கள் என்று பாலத்துப் பக்கம் அழைத்துப் போனார்கள். "எவ்வளவு?" என்ற சொல்லை மீன் வாங்கும்போதுகூடச் சொல்லக் கூசினார்கள், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு ஊரில் வேறு அர்த்தம் வந்துவிட்டது. பழைய தோணிகளைக் கீல் பூசி மறுபடியும் இறக்கினார்கள், ஆனால் தோணியில் போகிறவன் ஏன் தோணியில் போகிறான் என்று கரையில் நிற்பவர்கள் பார்த்ததால், கொஞ்ச நாளில் 'தோணிக்காரன்' என்பதே வசவாகிப்போனது. பிள்ளைகள் மட்டும் ஓடி விளையாடினார்கள். அவர்களிலும் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருநாள் பாலத்தின் நடுவில் திடீரென்று நின்று, அழுதுகொண்டு திரும்பி வந்தாள். அவளிடம் என்னவென்று கேட்க அவளுடைய அம்மாவுக்கே தைரியம் வரவில்லை.

மதம் தெரிந்தவர்கள் உடனே அதை அடையாளம் கண்டுகொண்டார்கள். பள்ளிவாசல் ஆலிம்சா வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரையில், மறுமை நாளில் நரகத்தின் மேல் போடப்படும் சிராத் பாலம் முடியைவிட மெல்லியது, வாளைவிடக் கூர்மையானது, அதை அல்லாஹ் நமக்கு முன்கூட்டியே காட்டுகிறான் என்றார். மாதா கோயில் பங்குச்சாமியார், வாழ்வுக்குப் போகும் வழி இடுக்கமானது என்று ஆண்டவர் சொன்னதைப் பிரசங்கத்தில் எடுத்தார். சிவன் கோயில் குருக்கள், செத்தவன் வைதரணி ஆற்றைப் பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும் என்று கருட புராணத்தில் இருப்பதைச் சொன்னார், அதைக் கேட்ட இரண்டு பேர் நிஜமாகவே பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினார்கள். பசு நன்றாகத்தான் போனது. அவர்கள்தான் நின்றுவிட்டார்கள்.

ஊரில் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதவர் கால்நடை டாக்டர் கொர்ஷேத் மட்டும்தான். ஐம்பத்தெட்டு வயது. சங்குமுனையில் இருந்த ஒரே பார்சி அவர்தான். ஐஸ் தொழிற்சாலைக்கு இன்ஜினியராகப் பம்பாயிலிருந்து வந்த அப்பாவும், அந்த அப்பாவைத் திட்டிக்கொண்டே இங்கே தங்கிவிட்ட அம்மாவும் போய்ச்சேர்ந்த பிறகு, மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். ஊர் அவரை டாக்டரம்மா என்றது. அவர் சாமி நெருப்பு என்பதற்கு மேல் அவர் மதத்தைப்பற்றி ஊருக்கு எதுவும் தெரியாது.

மார்கழி தொடக்கத்தில் ஒரு மாலை ஆலிம்சா, பங்குச்சாமியார், குருக்கள் மூன்று பேரும் சேர்ந்து அவர் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாக நடந்து வருவதைப் பார்த்ததுமே கொர்ஷேத்துக்கு அவர்கள் எதைக் கேட்க வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

"டாக்டரம்மா, பம்பாயில இருக்கற நம்ம ஆளு ஒருத்தர் சொன்னாரு, ஒங்க வேதத்துலயும் ஒரு பாலம் இருக்காமே," என்றார் ஆலிம்சா.

"இருக்கு," என்றார் கொர்ஷேத். மறைக்க ஒன்றும் இல்லை. "சின்வத்னு பேரு. செத்து நாலாம் நாள் விடியும்போது உயிர் அங்க வந்து நிக்கும். நல்லவங்களுக்கு ஒன்பது ஈட்டி அகலம். கெட்டவங்களுக்குக் கத்தி முனை. பாலத்துத் தலைமாட்டுல ஒரு பொண்ணு நிப்பா. நாம செஞ்சதெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பொண்ணு. நல்லது செஞ்சிருந்தா அழகா நிப்பா. இல்லன்னா, அம்மா அதுக்கு மேல சொல்ல மாட்டாங்க. அப்ப எனக்குச் சின்ன வயசு."

"எத்தனை வருஷத்துக் கதை?" என்றார் குருக்கள்.

"ஈரான்ல எங்க ஆளுங்க இருந்த காலம். ரெண்டாயிரத்து ஐநூறு, மூவாயிரம். சரியா யாருக்கும் தெரியாது."

பங்குச்சாமியார் மெதுவாகக் கேட்டார். "பாபிலோன்ல சிறை இருந்த யூதர்களை விடுவிச்சது உங்க பாரசீக ராஜாதானே. அப்ப அங்க இருந்து கொஞ்சம் எங்களுக்கும் வந்திருக்குமோ? நியாயத்தீர்ப்பு, சாத்தான், செத்தவங்க எழுந்திருக்கறது?"

"வந்துச்சுன்னு படிச்சவங்க சிலர் எழுதியிருக்காங்க. இல்லன்னு சிலர் எழுதியிருக்காங்க. நான் மாட்டு டாக்டர் ஃபாதர். ஒரு வார்த்தை மட்டும் எனக்குத் தெரியும். உங்க வேதத்துல சொர்க்கத்துக்குப் பரதீசுன்னு வருதே."

"வருது."

"ஆலிம்சா, உங்ககிட்ட பிர்தவ்ஸ்."

"ஆமா."

"ரெண்டும் எங்க பழைய பாஷையில ஒரே வார்த்தை. சுத்திச் சுவர் வச்ச தோட்டம். அவ்வளவுதான்."

அடுப்பு மூட்டக் கங்கு கேட்டு வந்தவள் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் எரியவிட்ட பிறகு அது யார் வீட்டு நெருப்பு என்று யார் கேட்பார்கள் என்று கொர்ஷேத் நினைத்தார். தோட்டம் அப்படித்தான் போயிருக்க வேண்டும். பயமும் அப்படித்தான். அவர் அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குள் ஆலிம்சா, கொர்ஷேத் பயந்துகொண்டிருந்ததையே கேட்டுவிட்டார்.

"அப்ப இது ஒங்க பாலம். மூத்தது ஒங்களோடது. நீங்க ஒரு தடவ நடந்து காட்டுனா ஊருக்கு ஒரு தெம்பு வரும். அதுகிட்ட என்ன சொல்லணுமோ ஒங்க பாஷையில சொல்லுங்க. ஒங்களுக்கு அது கட்டுப்படும்."

"முட்டி வலி," என்றார் கொர்ஷேத். "மழை போகட்டும்."

அவர்கள் போன பிறகு அவர் கதவைத் தாழிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் பாலம் மெலிந்த இரண்டாவது வாரத்தில், ஒரு மத்தியான நேரம், யாரும் இல்லாதபோது அவர் போய் ஒரு காலை வைத்துப் பார்த்திருந்தார். அது ஒரு பலகையாகவோ செங்கலாகவோ ஆகவில்லை. அது அரிவாளின் வாய்போல ஆனது. செருப்பு அறுந்து, பெருவிரலில் ரத்தம் வந்தது.

எதற்காக என்று அவருக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னால், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கும் அக்கரைக்குப்பத்திலிருந்து செபஸ்தியம்மாள் என்ற மீன்காரப் பெண் கெண்டைக்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்து, "நாய் கடிச்சிருச்சு டாக்டரம்மா, வெறிநாயான்னு வந்து பாத்துச் சொல்லுங்க, இல்லன்னா ஊசி வேணாம், வேலை கெட்டுப்போவும்," என்றாள். அந்த வாரம் மாடுகளுக்குக் கோமாரி, கொர்ஷேத் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. மறுநாள் இதே பாலத்தில் நடந்தார். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. அங்கிருந்தே பார்த்தார், தூரத்தில் ஒரு கவிழ்த்த படகின் நிழலில் நாய் படுத்திருந்தது. திரும்பிவிட்டார். அடுத்த நாள் செபஸ்தியம்மாள் கேட்டபோது, "பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு," என்றார். இரண்டு மாதம் கழித்து செபஸ்தியம்மாள் தண்ணீரைப் பார்த்து அலறி, மூன்றாம் நாள் செத்தாள். நாயைத்தான் டாக்டரம்மாவே நல்ல நாய் என்று சொல்லிவிட்டாரே, அதனால் குப்பத்துக்காரர்கள் வேறு காரணம் தேடினார்கள். தண்ணீருக்குப் பயந்ததால் அவளை ஆற்றுப்பேய் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தார்கள். அந்தப் பேய்க்கு ஒரு பெயரும், ஒரு கல்லும், வருடத்துக்கு ஒரு சேவலும் வந்தன. நான்கு வருடத்தில் அது ஒரு மதம் போலவே ஆகிவிட்டது. கொர்ஷேத் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்.

தை பிறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மறுபடியும் மழை பிடித்தது. பருவம் தப்பிய மழை. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது, தோணிகளைக் கட்டிப்போட்டுவிட்டார்கள், செல்போன் கோபுரம் சாய்ந்து அக்கரையில் ஒரு போனும் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஒருத்தி நனைந்துகொண்டே பாலத்தைக் கடந்து வந்து டாக்டரம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள். செபஸ்தியம்மாளின் மகள் விண்ணரசி. இருபத்தைந்து வயது, கருவாடு காயப்போடுகிறவள். ஆண்பிள்ளைபோல எட்டெடுத்து வைப்பாள். அவளுக்குப் பாலம் ஒருநாளும் மெலிந்ததில்லை.

"தொம்மை வீட்டு நாய் ஆறு பேரக் கடிச்சிருச்சு. ஒண்ணு எம் மவ," என்றாள். "நர்சு நேத்தே ஊசியெல்லாம் பொட்டியில எடுத்துக்கிட்டு வந்துருச்சு. எம் மவளுக்குப் போட்டாச்சு. மத்த அஞ்சு பேரும் கைய நீட்ட மாட்டேங்கறாங்க."

"ஏன்?"

"எங்கம்மாவக் கடிச்ச நாய நீங்க நல்ல நாய்னு சொன்னீங்க. அப்பயும் அம்மா செத்துச்சு. அப்ப நாயால சாவல, பேயாலதான். ஊசி போட்டா பேய்க்குக் கோவம் வரும்ங்கறாங்க. நீங்க வந்து சொல்லணும்."

"நாயைப் பார்க்கவே வேண்டாம். கடிச்சாலே ஊசி போடணும். நான் சொன்னேன்னு சொல்லு."

"நான் சொன்னா கேக்கற ஆளுங்களா இருந்தா நான் ஏன் வரேன்?"

கொர்ஷேத் அவள் பின்னாலேயே நடந்து பாலத்தின் தலைப்புவரை வந்தார். அங்கே நின்றுவிட்டார். அம்மாவின் கதையில் வரும் பெண்போலவே பாலத்தின் தலைமாட்டில் மழையில் நின்று, கையை நீட்டி, வாங்க என்று விண்ணரசி கூப்பிட்டாள், அவள் முகத்தை கொர்ஷேத்தால் பார்க்க முடியவில்லை.

"எனக்கு இதுல அகலம் இல்ல," என்றார்.

விண்ணரசி அவரை உற்றுப் பார்த்தாள். ஊரில் யாரும் கேட்காததைக் கேட்டாள். "எவ்வளவு?"

"கத்தி."

"நீங்களா? அப்படி யாருக்கு என்ன செஞ்சீங்க?"

"உங்கம்மாவுக்கு."

சொன்னார். மாட்டுக் கோமாரி, மழை, கவிழ்த்த படகு, நடுப் பாலம், எதையும் விடாமல், எதற்கும் சமாதானம் சேர்க்காமல் சொன்னார். சொல்லி முடித்ததும் விண்ணரசி திரும்பி, பாலத்தில் ஏறி, மழைக்குள் நடந்து போய்விட்டாள். கொர்ஷேத் கரையில் இருந்த விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாலத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அகலும் என்று உள்ளுக்குள் எங்கோ நம்பியிருந்தார்போல. அது அகலவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஆற்றின் மேல் கிடந்தது, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து விண்ணரசி திரும்பி வந்தாள். முகம் கல்லாக இருந்தது.

"எங்கம்மா கடைசி நாளு பல்லக் கடிச்சிக்கிட்டு என்னையே பாத்துச்சு. நான் வச்ச தண்ணிக் கொவளையப் பாத்து என்னையே பேய்னு கத்துச்சு. அதுக்கப்பறம் இந்த நாலு வருசத்துல அந்தக் கல்லுக்குச் சேவல் வாங்கற முறை எனக்கும் வந்துச்சு. வாங்கிக் குடுத்தேன்," என்றாள். பிறகு, "ஏறுங்க," என்றாள்.

"விண்ணரசி—"

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. நீங்க ஆத்துல விழுந்தா அங்க அஞ்சு பேரு சாவான். ஏறுங்க."

கொர்ஷேத் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பையில் இருந்த, மாட்டுப் பிரசவத்துக்குப் போடும் ரப்பர் கையுறைகளைப் போட்டுக்கொண்டு, பாலத்தின் மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து நகர்ந்தார். பத்து அடியில் கையுறைகள் கிழிந்தன. கீழே ஆறு செம்மண் நிறத்தில் கத்திக்கொண்டு ஓடியது. அவருக்கு வலது பக்கத்தில், எதுவுமே இல்லாத இடத்தில், நீருக்கு மேலே, விண்ணரசி வெறுங்காலோடு நின்று, குனிந்து, அவர் மேற்கையை மீன் தூக்குகிற பிடியில் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வந்தாள். அவள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடாது என்று கொர்ஷேத் நினைத்தார், பார்த்தார், தலை சுற்றியது. "எம் மூஞ்சப் பாருங்க," என்றாள் விண்ணரசி. அந்த முகத்தைப் பார்ப்பது ஆற்றைப் பார்ப்பதைவிடக் கடினமாக இருந்தது, ஆனாலும் அவர் அதைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஊர் மெல்ல மெல்லக் கரைக்கு வந்தது. குடைகளோடும் சாக்குகளோடும் நின்றது. எந்தப் பாலம் இவருடையது என்று நம்பினார்களோ அந்தப் பாலத்தில் டாக்டரம்மா ரத்தம் வழியத் தவழ்வதைப் பார்த்தது. ஆலிம்சா வாய்க்குள் எதையோ ஓதினார், பங்குச்சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார், குருக்கள் தலையைக் குனிந்துகொண்டார். கோதண்டபாணி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து தண்ணீரின் ஓரத்தில் நின்றார். பாலத்தின் சரி நடுவில், முன்பு திரும்பிய அதே இடத்தில், கொர்ஷேத்தின் உடல் நகர மறுத்தது. கைகள் மரத்துவிட்டன. அங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. விண்ணரசி அவசரப்படுத்தவில்லை, தேற்றவும் இல்லை. பிடியை மட்டும் விடவில்லை.

மிச்சப் பாதியையும் அப்படியே நகர்ந்து முடித்ததும் அக்கரையில் அவரை எழுப்பி நிறுத்தினார்கள். நாயின் சொந்தக்காரன் தொம்மை முன்னால் நின்றான். அவன் கையிலும் கடி இருந்தது.

"அன்னைக்கு நாயப் பாத்தேன்னு சொன்னீங்களே டாக்டரம்மா."

"பார்க்கல. நடுப் பாலத்துல மழைன்னு திரும்பிட்டேன். பொய் சொன்னேன். அந்த நாய்க்கு வெறி இருந்திருக்கு. செபஸ்தியம்மா நாய்க்கடியாலதான் செத்தா, நான் சொன்ன சொல்லால செத்தா. பேய் எதுவும் கிடையாது."

யாரோ ஒரு கிழவர் கொர்ஷேத்தின் காலடியில் காறித் துப்பினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. கொர்ஷேத் நொண்டிக்கொண்டே போய், வலைக் கூடத்தில் கட்டிப்போட்டிருந்த தொம்மையின் நாயைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தார், இந்த முறை நின்று, நிதானமாக, அதன் தொங்கிய தாடையையும், கயிற்றையே வெறிக்கும் கண்களையும், விழுங்க முடியாமல் வழிந்த எச்சிலையும் பார்த்தார். "வெறிதான்," என்றார். தொம்மை கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தான். பிறகு போய் நர்சுக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினான். மற்ற நாலு பேரும் வந்தார்கள். துப்பிய கிழவர் கடைசியாக வந்தார்.

அவர்களில் ஒருவரும் சாகவில்லை.

அடுத்த நாளே ஆறு வடிந்து தோணிகள் ஓட ஆரம்பித்தன. அன்று காலையில் ஏட்டு கோதண்டபாணி, தோணியில் ஏறாமல், வெள்ளை வேட்டியோடு பாலத்தில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து நகர ஆரம்பித்தார். அவருடைய ஸ்டேஷனில் செத்துப்போனவனின் வீடு அக்கரையில் இருந்தது, அங்கே அவர் போக வேண்டியிருந்தது. மீன்கூடைக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஊரில் பலரும் அப்படிப் போனார்கள். அகலம் உள்ளவர்கள் காற்றில் நடந்து இல்லாதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தினமும் அதைப் பார்த்தாலும் பயம் யாருக்கும் குறையவில்லை. பாலமும் யாருக்கும் இரக்கப்படவில்லை.

ஊசி போடும் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பதினாலாம் நாளும் கொர்ஷேத் தோணியை விட்டுப் பாலத்தில்தான் போனார். அவர் போகாவிட்டால் பாதிப் பேர் மறுபடியும் கையை நீட்ட மாட்டார்கள். மூன்று நாளும் விண்ணரசி பாலத்துத் தலைப்பில் வந்து நின்றாள், ஒரு சொல்லும் பேசாமல் அவர் கையைப் பிடித்தாள், அக்கரை சேர்ந்ததும் விட்டுவிட்டுப் போனாள்.

இருபத்தெட்டாம் நாள் அவள் வரவில்லை. கொர்ஷேத் ஒரு மணி நேரம் காத்திருந்தார். இனி அவள் வர மாட்டாள், அவள் கொடுக்க வேண்டியது முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பிறரைக் கூப்பிட வாய் வரவில்லை. முழங்கைவரை துணி சுற்றிக்கொண்டு, உட்கார்ந்து, தனியாக நகர்ந்தார். தன் மூச்சைத் தவிர வேறு எதையும் அவர் கேட்கவில்லை. வலது பக்கத்தில் பிடிப்பதற்கு யாரும் இல்லாததால் அந்தப் பக்கம் முழுவதும் குளிர்ந்து கிடந்தது. அக்கரையின் மணலில் கால் பட்டபோது கண்ணைத் திறந்து, தான் இதுவரை கண்ணை மூடியிருந்ததை அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

கருவாட்டுக் கொட்டகையிலிருந்து விண்ணரசி ஓடிவந்தாள். அவள் கை முழங்கைவரை ஈரமாக இருந்தது.

"ஆட்டுக்கு விடியக்காலத்துலேர்ந்து வலி. ஒத்தக் கால் மட்டும் வெளிய வந்துருக்கு. விட்டுட்டு வர முடியல," என்றாள். அவர் கைகளைப் பார்த்தாள். "அந்தத் தொட்டியில கழுவிட்டுச் சீக்கிரம் வாங்க."

கொர்ஷேத் உப்பு நீரில் கையைக் கழுவினார். எரிந்தது. கொட்டகைக்குள் மண்டியிட்டு, கையை எண்ணெயில் தோய்த்து, உள்ளே விட்டு, மடங்கியிருந்த இன்னொரு காலைத் தேடினார். விண்ணரசி ஆட்டின் தலையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முதல் குட்டி செத்துத்தான் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் கையை விட்டார்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார். "அசையுது. விடாமப் பிடி."